மஞ்சள் வைக்காத சேலை

பழைய சேலைகளை நான் வாங்குகிற முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். தவறு அந்த முறைக்குள்ளேயே இருந்தது.

ஹட்டன் பெரிய தெருவில் என் வாப்பா மஃறூபின் துணிக்கடை. அதன் மேல்மாடியில் என் தையல் அறை. கண்டியில் இரண்டு வருடம் உடை வடிவமைப்புப் படித்துவிட்டு வந்ததிலிருந்து ஒரே வேலையைத்தான் செய்கிறேன். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இந்த மலையில் உடுத்திய சேலைகளைத் தேடி வாங்கி, அதே காலத்து வெட்டில் கவுன்களாகத் தைக்கிறேன். இடுப்பில் இறுகி, கீழே குடையாக விரிந்து, கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நிற்கிற கவுன். முழங்கையைக் கொஞ்சம் தாண்டுகிற கை. அதே துணி போர்த்திய பொத்தான்கள். இன்றைய துணி எதுவும் அந்தப் பழைய மெல்லிய வொயிலைப் போல விழாது.

சேலைகளுக்காகத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போவேன். ஒவ்வொன்றையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்து மூன்று விஷயம் பார்ப்பேன்: கிழிசல், பூச்சி, கறை. கறை என்றால் பெரும்பாலும் மஞ்சள்தான். புதுச்சேலை உடுத்துமுன் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைப்பது அவர்களுடைய வழக்கம் என்று தெரியும். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. கறையுள்ள ஓரத்தை வெட்டி எறிவேன். கறையே இல்லாமல் ஒரு சேலை கிடைத்தால் அதைத் தனியாக மடித்து, என் கொப்பியில் 'சுத்தமானது' என்று எழுதி, மற்றவற்றைவிட நல்ல விலை கொடுப்பேன்.

பேச்சியம்மாவின் சேலையை அப்படித்தான் வாங்கினேன். நோட்டன் பிரிட்ஜ் போகிற வழியில் ஒரு தோட்டம், அதன் மேற்பிரிவில் கடைசி லயம். பேச்சியம்மாவுக்கு அறுபத்தைந்து இருக்கும். பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்து, மடியில் வைக்காமல் நேரே என் கையில் தந்தாள். சாம்பல் நிறம். விரலகலத்துக்கு ஊதாக் கரை. மடிப்புப் பிரிக்காமல் நாற்பது வருடத்துக்கு மேல் கிடந்த துணி. ஒரு புள்ளிக் கறை கிடையாது.

"இத முழுசா வச்சுக்கிறாதீங்க தங்கச்சி. வெட்டிருங்க" என்றாள்.

"வெட்டத்தான் வாங்குறேன்."

"வெட்டுவீங்கல்ல?"

இரண்டாம் தடவை அவள் கேட்டதை நான் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். பழைய சேலையை வெட்டப் போகிறேன் என்றால் கண் கலங்குகிறவர்கள்தான் அதிகம்.

இந்த வருடம் லிந்துலைப் பக்கம் ஒரு பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அதன் முகாமையாளர் வினோஜன் என் கவுன்களைப் படத்தில் பார்த்துவிட்டு, விருந்தாளிகளுக்கு ஒரு உடைக்காட்சி வைக்கக் கேட்டார். கொழும்பிலிருந்து ஆறு மொடல்களை அனுப்புவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். இந்தத் துணிகளை உடுத்தியவர்களின் பிள்ளைகளும் பேத்திகளும்தான் நடப்பார்கள் என்றேன்.

"மிஸ், பங்களாவுக்கு வாறவங்க வடிவான ஆக்கள பாக்க வாறவங்க. கொழுந்து பறிக்கிற பொம்பளைங்கள பாக்கணும்னா, மலை அந்தா இருக்கு, சும்மாவே பாக்கலாம்."

"அப்ப சும்மா பாத்தத இப்ப ஒழுங்கா பாக்கட்டும்" என்றேன்.

ஆறு பேரை நானே தெரிந்தெடுத்தேன். தோள் அகன்ற ஒருத்தி. நாலரை அடி உயரத்தில் ஒருத்தி. கையில் தீக்காயத் தழும்புள்ள ஒருத்தி. இரட்டை நாடிச் சரீரத்தில் இரண்டு அக்கா தங்கச்சிகள். ஐம்பதைத் தாண்டியவர்கள் யாரும் அதில் இல்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆறாவது ஆள் பிரியந்தி. பேச்சியம்மாவின் அதே மேற்பிரிவில், மூன்று லயம் தள்ளி வாழ்க்கைப்பட்டவள். வயது இருபத்தேழு. அவளுக்கு வெண்புள்ளி. இடது கண்ணைச் சுற்றி, உதட்டோரத்தில், கழுத்தில், இரண்டு கைகளிலும் பால் சிந்தியது போல வெள்ளை. கல்யாண வீடுகளில் அவளைச் சமையல் பக்கம்தான் இருக்கச் சொல்வார்கள். ஆரத்தித் தட்டு அவள் கைக்கு வந்ததில்லை. லொறி ஓட்டுகிற கிஷாந்த் அவளை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தபோது, அவனுடைய தாய் நாகலெட்சுமி ஒரு வருடம் மருமகள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. போன தீபாவளிக்குத்தான் அது மாறியது. அன்றைக்கு மாமி தன் தலையில் எண்ணெய் வைத்துவிட்டதைப் பிரியந்தி என்னிடம் நாலு தடவை சொல்லியிருக்கிறாள்.

அளவு எடுக்க வந்த அன்று புள்ளி போட்ட நைலெக்ஸ் சேலை ஒன்றை அவள் தோளில் போட்டுப் பார்த்தேன். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏங்க்கா, புள்ளி மேல புள்ளியா? எது சீல, எது நான்னு தெரியாமப் போயிரும்."

அதைக் கழற்றிவிட்டு சாம்பல் நிறத்தை வைத்தேன். சிரிப்பு நின்றது. அவளுடைய இரண்டு நிறங்களுக்கும் நடுவில் நிற்கிற நிறம் அது. மாநிறமும் வெள்ளையும் ஒன்றையொன்று தேடி வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. இந்த எட்டு வருடத் தொழிலில் ஒரு துணி ஒரு ஆளை அப்படிக் கண்டுபிடித்ததை நான் பார்க்கவில்லை. அதையே காட்சியின் கடைசி உடையாக வைப்பதென்று அன்றே முடிவு செய்தேன். பன்னிரண்டு நாள் தைத்தேன். ஊதாக் கரையை அடிவிளிம்பில் ஒரு சுற்று மட்டும் ஓடவிட்டேன்.

காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, பேச்சியம்மா இன்னும் சில பழைய சேலைகளைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். தையல் பொம்மையின் மேல் கவுன் நின்றது.

"இது யாருக்கு?"

"உங்கட தோட்டத்து பிரியந்திக்கு. நல்லா ஈக்கா?"

அவள் பையைக் கீழே வைத்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க வீட்டுக்காரரு செத்த பதினாறாம் நாளு என் அண்ணன் கொண்டாந்து போட்ட கோடி அது. தாலி அறுத்தவளுக்குப் பொறந்த வீட்டுல போடுற சீல. நான் உடுத்தல. மனசு வரல. நீங்க வெட்டிப் பை தைப்பீங்க, மெத்த உறை தைப்பீங்கன்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியாதே. நீங்க சொல்லல்ல."

"ஓரத்துல மஞ்ச இல்லாதத பாத்தீங்கல்ல. சாவுக்கு எடுத்த துணிக்கு யாரு மஞ்ச வைப்பா? பாத்துத்தானே வாங்குனீங்க."

என் கொப்பியில் 'சுத்தமானது' என்று எழுதிய மற்றச் சேலைகள் எத்தனை என்று அந்த நேரத்தில் மனம் எண்ணியது. ஏழு.

பேச்சியம்மா கவுனின் கையை விரலால் தூக்கிப் பார்த்தாள். தையலைத் தடவினாள். பிறகு, முகத்தைத் திருப்பாமல், "இத ஒரு சுமங்கலி போடக்கூடாது தங்கச்சி. வேணும்னா எனக்குப் போட்டு விடுங்க. நான் நடக்கிறேன்" என்றாள். சிரித்த மாதிரிதான் சொன்னாள்.

நான் அவளைப் பார்த்தேன். ஒட்டிய தோள், கூடை சுமந்து முன்னால் வளைந்த கழுத்து, எலும்பாய் நின்ற கை. கவுனின் அளவு வேறு. இடுப்பு நாலு அங்குலம் பிடிக்க வேண்டும், தோளைப் பிரித்துத் தைக்க வேண்டும், இரண்டு நாளில் நடக்காது. இதெல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் காரணங்களைத் தேடுமுன்பே நான் மறுத்துத் தலையை ஆட்டிவிட்டேன்.

"சரி. நான் யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். என் சீலைன்னு தெரிஞ்சா என்னையும்தான் பேசுவாங்க. ஆனா அவளுக்குப் போடாதீங்க. அந்தப் புள்ளைய ஏற்கெனவே ஒரு மாதிரிப் பேசுறவங்க இருக்காங்க."

அவள் இறங்கிப் போன பிறகு நான் எனக்குச் சொல்லிக்கொண்டவற்றை ஒழுங்காக எழுதுகிறேன். சகுனம் பார்ப்பது எங்கள் மார்க்கத்தில் இல்லை. துணி துணிதான். மூன்றாவது, இது யாருக்கும் தெரியாது. மூன்றும் சரியாகவே பட்டன. நம்பாத நான் அந்தத் துணியை உடுத்தப் போவதில்லை, நம்புகிறவளுக்குத்தான் உடுத்திவிடப் போகிறேன் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. வலப்பனைப் பக்கம் மண்சரிவு எச்சரிக்கை என்று வானொலியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கிஷாந்த் முதல் நாள் அந்தப் பக்கம்தான் மரக்கறி ஏற்றப் போயிருந்தான். "வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாருக்கா" என்று பிரியந்தி வேனில் வரும்போதே சொன்னாள்.

உடுத்துகிற அறையில் கவுனை அவளிடம் கொடுத்தேன். கையில் வாங்கியவள் உடனே போடவில்லை.

"மஞ்ச வச்சீங்களாக்கா?"

"வெச்சேன். தோய்க்கக்குள்ள போய்ட்டு."

அவள் அடிவிளிம்பைப் புரட்டினாள். ஊதாக் கரையை ஒரு முழுச் சுற்றுப் பார்த்தாள். உள்தையலைப் பார்த்தாள். அறையில் மற்ற ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் கொக்கி மாட்டிக்கொண்டு, எவளுக்கு வயிறு முன்னால் போகிறது என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிரியந்தி என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"சரிக்கா" என்றாள். கையைத் தூக்கிப் போட்டுக்கொண்டாள்.

அவள் நடந்ததை நான் குறைத்துச் சொல்லக்கூடாது. பங்களா விறாந்தையில் எண்பது பேர் இருந்தார்கள். பவுடர் பூச வேண்டாம் என்று அவளே சொல்லியிருந்தாள். கண்ணைச் சுற்றிய வெள்ளையோடு, கழுத்து வெள்ளையோடு, பின்னால் மூடுபனியும் முன்னால் விளக்குமாக அவள் வந்தபோது பேச்சுச் சத்தம் நின்றது. சாம்பல் துணி ஒவ்வொரு அடிக்கும் ஒரு முறை விரிந்து அடங்கியது. கடைசியில் நின்று எல்லாரையும் நேரே பார்த்தாள். கல்யாண வீட்டில் சமையல் பக்கம் இருக்கச் சொன்ன முகம் அது. எண்பது பேரும் எழுந்து கை தட்டினார்கள். வினோஜன் என்னிடம் வந்து, "மிஸ், நான் சொன்னத மறந்துருங்க" என்றார். சமையலறைக் கதவில் நின்ற தோட்டத்துப் பெண்கள் போனில் படம் எடுத்தார்கள்.

எனக்கு அந்தக் கைதட்டல் கேட்டது. கூரைத் தகரத்தில் மழையும் கேட்டது.

எல்லாம் முடிந்ததும் பிரியந்தி கேட்டாள்: "இத போட்டுக்கிட்டே வீட்டுக்குப் போகவாக்கா? மாமிக்குக் காட்டணும்."

"வேணாம். கழட்டு."

நான் அவளிடம் அவ்வளவு கடுமையாக ஒருபோதும் பேசியதில்லை. கழற்றித் தந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கிஷாந்தின் போன் வேலை செய்யவில்லை. வலப்பனை வீதியில் இரண்டு இடத்தில் மண் சரிந்து, வாகனங்கள் அகப்பட்டிருப்பதாகச் செய்தி வந்தது. எத்தனை வாகனம், என்ன வாகனம் என்று யாருக்கும் தெரியவில்லை. திங்கள் காலை பேச்சியம்மா எனக்கு அழைத்தாள்.

"படம் இங்க எல்லார் போன்லயும் வந்திருச்சு தங்கச்சி. எல்லாரும் அவ வீட்டு முன்னாலதான் இருக்காங்க."

அவ்வளவுதான் சொன்னாள். மீதியை நானே சேர்த்துக்கொண்டேன். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, எல்லாரும் சேர்ந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள் என்று.

"மகள், இந்த மழைக்குள்ள எங்க போற?" என்று வாப்பா கேட்டார். போய்விட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

முச்சக்கர வண்டி மேற்பிரிவுப் பாதையில் பாதி வரைதான் ஏறியது. மிச்சத்தை நடந்தேன். பிழை செய்தவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். என்ன சொல்வது, எந்த வரிசையில் சொல்வது என்று நடந்துகொண்டே மனதுக்குள் எழுதினேன்.

லயத்து முன்னால் பதினைந்து இருபது பெண்கள். நடுவில் நீள மர வாங்கில் பிரியந்தி. ஒருவரும் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் குற்றச்சாட்டு என்று எடுத்துக்கொண்டேன். நாகலெட்சுமி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மருமகளின் வெள்ளை விழுந்த கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்திருந்தாள். இன்னொருத்தி பிளேன்டீ நீட்டிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்தும் படிக்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பேச்சியம்மா என்னைக் கண்டதும் மெதுவாகத் தலையை இடம்வலமாக ஆட்டினாள். பயப்படாதே என்கிறாள் என்று நினைத்தேன்.

"பிரியந்தி மேல ஒரு பிழையும் இல்ல" என்று தொடங்கினேன். "அது கோடிச் சேலையெண்டு எனக்கு வியாழக்கிழமையே தெரியும். அவளுக்குச் சொல்லல்ல. மஞ்சள் வெச்சதாப் பொய் சொல்லித்தான் உடுத்த வெச்சேன். பேசுறதெண்டா என்னையப் பேசுங்க."

மழை விட்டிருந்தது. பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் இருந்தது.

"என்ன கோடி?" என்றாள் நாகலெட்சுமி.

அப்போதுதான் தெரிந்தது. அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. பேச்சியம்மா சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தாள். அவர்கள் வந்தது, இரண்டு நாளாகப் புருஷனைப் பற்றித் தகவல் இல்லாத ஒருத்திக்குத் துணையாக. தேநீர் துணைக்கு. மௌனமும் துணைக்குத்தான். போனில் வந்த படத்தை அன்று காலை நாகலெட்சுமியே நாலு பேருக்குக் காட்டி, "எம் மருமக" என்று சொல்லியிருந்தாளாம்.

"அது கழிஞ்ச கத..." என்று ஏதோ சொல்லப் போனேன்.

"இருங்கக்கா" என்றாள் பிரியந்தி. நிமிர்ந்து பார்க்காமல் பேசினாள். "மஞ்சக் கறை தோய்ச்சாப் போகாது. வெயில்ல போட்டாத்தான் போகும். இந்த ஒரு மாசமா வெயில் எங்க அடிச்சிச்சு? அளவெடுத்த அன்னைக்கே பாத்தேன், மடிப்புப் பிரிக்காத பழைய சீல, மஞ்ச இல்ல. என்ன சீலன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா போட்ட?" என்றாள் நாகலெட்சுமி.

"யாரும் எனக்குன்னு அப்பிடி ஒண்ணு தைச்சதில்ல மாமி."

நாகலெட்சுமி தன் கைகளைப் பிரித்தாள். கோபமாக உதறவில்லை. சேலை முந்தானையைச் சரிசெய்கிறவளைப் போல எடுத்தாள். எடுத்த கை திரும்பி அந்த இடத்துக்குப் போகவில்லை. தேநீர் கொண்டுவந்தவள் கோப்பையை வாங்கின் நுனியில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

பகல் ஒரு மணிக்குக் கிஷாந்த், சரிவை நடந்தே கடந்து, கிடைத்த வண்டிகளில் ஏறி வந்து சேர்ந்தான். முழங்கால் வரை சேறு. இரண்டு சரிவுகளுக்கும் நடுவில் லொறியோடு அகப்பட்டு, இரண்டு நாளும் லொறிக்குள்ளேயே கிடந்து, ஏற்றிய கரட்டையே கழுவித் தின்றிருக்கிறான். போனில் சார்ஜ் தீர்ந்து போயிற்று. ஒரு கீறல்கூட இல்லை. "என்னா, எழவு வீடு மாதிரி எல்லாரும் கூடியிருக்கீங்க?" என்று சிரித்தான். யாரும் சிரிக்கவில்லை.

நான் நிம்மதியில் அழுதுவிட்டேன். பாருங்கள், ஒன்றும் நடக்கவில்லையே என்று நாகலெட்சுமியிடம் சொன்னேன். அவள் மகனின் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "இந்தத் தடவ மாரியாத்தா விட்டுட்டா" என்றாள்.

இந்தத் தடவை என்ற அந்தச் சொல்லை அங்கிருந்த ஒவ்வொருத்தியும் வீட்டுக்கு எடுத்துப் போனதை நான் பார்த்தேன்.

இது நடந்து ஏழு வாரமாகிறது. கவுனின் படம் எங்கேயெல்லாமோ போய்விட்டது. கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் கேட்கிறார்கள். அதே சாம்பல் நிறம், அதே வெட்டு. கல்யாணத்துக்கென்றே மூன்று பேர் கேட்டார்கள். ஹோட்டலில் மறுபடி காட்சி வைக்கச் சொல்கிறார் வினோஜன், பிரியந்தி கட்டாயம் வேண்டும் என்கிறார்.

போன புதன்கிழமை பிரியந்தி என் அறைக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். மறுபடி நடப்பாயா என்று நான் கேட்டதற்கு, "இப்ப வேணாங்க்கா. அவரு லொறிய விட்டுட்டு வேற வேலைக்குப் போகட்டும், பாப்போம்" என்றாள்.

"வீட்டுல எப்பிடி?"

"நல்லாத்தான் பேசுறாங்க. சண்டையெல்லாம் இல்ல. அவரு கெளம்புற நேரம் மட்டும் நான் எதுக்க வரக்கூடாது. முந்தி நான்தான் ரோட்டு வரைக்கும் போய் பையக் குடுப்பேன். இப்ப மாமி குடுக்கிறாங்க. லொறிச் சத்தம் வளைவத் தாண்டுற வரைக்கும் நான் உள்ள இருக்கணும். அவருக்கு இதெல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா, அம்மா மனசுக்காக இருந்துட்டுப் போன்னு சொல்றாரு." பிறகு அவளே சிரித்தாள். "இன்னைக்கு எங்க இருந்தா எதுக்க வர மாட்டேன்னு யோசிச்சுப் பாத்தேன். உங்க கடைதான் ஞாபகம் வந்துச்சு."

"எத்தன மணிக்குப் போறார்?"

"மூணு மணிக்குக் கெளம்புவாரு. வலப்பனைக்குத்தான்."

மணி மூன்றரை. வலப்பனைக்குப் போகிற லொறி எதுவானாலும் ஹட்டன் பெரிய தெருவால்தான் போக வேண்டும். எங்கள் யன்னல் அந்தத் தெருவைப் பார்த்து இருக்கிறது. அவள் அதை இப்போதுதான் உணர்ந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. எழுந்தாள். அறையில் நாலு பொம்மைகள் அரைகுறைக் கவுன்களோடு நின்றன. அவற்றின் பின்னால், சுவரோடு ஒட்டிப் போய் நின்றுகொண்டாள். வெள்ளை விழுந்த கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க பாத்துச் சொல்லுங்கக்கா. நீல லொறி. முன் கண்ணாடியில முருகன்."

யன்னலில் நின்றேன். மழை பிடித்திருந்தது. ஒரு பஸ் போயிற்று. பிறகு நீல லொறி வந்தது. கிஷாந்த் வேகத்தைக் குறைத்து, எங்கள் மாடியைக் குனிந்து எட்டிப் பார்த்தான். அவள் இங்கே வந்திருப்பது அவனுக்குத் தெரியும் போல. கையை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன். லொறி தெருமுனையில் திரும்பி மறைந்தது.

"போயிருச்சா?" என்றாள்.

"போய்ட்டு."

"சத்தம் கேக்குதே."

"அது வேற லொறி."

அவள் வெளியே வரவில்லை. "நல்லாப் பாருங்கக்கா" என்றாள்.